பத்து வருஷமும் ஒரு நாளும்: ஜெர்மனியின் கையில் மறுபடி துப்பாக்கி வந்த கதை

இரண்டாம் உலகப் போர் பற்றிய புத்தகங்களும் சினிமாக்களும் பெரும்பாலும் 1945 மே 8-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஜெர்மனி சரணடைந்தது, சுபம். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததைப் படிப்பதில்தான் ஆர்வம் அதிகம். 1955 மே 9-ஆம் தேதி அதே ஜெர்மனியின் மேற்குப் பாதி, தன்னைத் தோற்கடித்த அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளோடு ஒரே மேஜையில், நேட்டோ ராணுவக் கூட்டணியின் பதினைந்தாவது உறுப்பினராக உட்கார்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வருஷமும் ஒரு நாளும்.

குண்டு போட்டவனும் குண்டு வாங்கியவனும் பத்தே வருஷத்தில் எப்படி ஒரே பாசறைக்கு வந்தார்கள்? அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள்? கொடுத்த துப்பாக்கி கொடுத்தவர்கள் பக்கமே திரும்பாமல் இருந்தது எதனால்? இந்த மூன்று கேள்விகளும்தான் இந்தப் பதிவு.

தடை போட்ட காலம்

போர் முடிந்ததும் வென்றவர்கள் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்கள். ஜெர்மனிக்கு இனி ராணுவம் கூடாது. 1945 கோடையில் போட்ஸ்டாம் மாநாட்டில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் அதை எழுதியே வைத்தன. ஹிட்லர் காலத்து ராணுவத்துக்கு 'வேர்மாக்ட்' என்று பெயர். 1946 ஆகஸ்டில் தனியாக ஒரு சட்டம் போட்டு அதைக் கலைத்தார்கள்.

ஜெர்மானியர்களுக்கும் அதில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. முப்பது வருஷத்துக்குள் இரண்டு போர்களைப் பார்த்தவர்கள். நகரங்கள் செங்கல் குவியல்களாகக் கிடந்தன. 1949-ல் மேற்கு ஜெர்மனி தனி நாடானபோது எழுதிய அரசியல் சட்டத்தில் ராணுவம் என்ற பேச்சே இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஆக்கிரமிப்புப் போருக்குத் தயாராவது சட்டவிரோதம் என்றது 26-ஆம் பிரிவு. மனச்சாட்சிக்கு விரோதமாக யாரையும் ஆயுதம் தூக்கச் சொல்லக் கூடாது என்றது 4-ஆம் பிரிவு. ராணுவமே இல்லாத நாட்டில், ராணுவத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை! சூடு கண்ட பூனை எழுதிய சட்டம் வேறு எப்படி இருக்கும்?

துப்பாக்கியைத் தொடுகிறவன் கை அற்று விழட்டும் என்ற பொருளில் 1949 தேர்தல் சமயத்தில் பேசியவர் ஃபிரான்ஸ் யோசெஃப் ஸ்ட்ராவுஸ் என்ற இளம் அரசியல்வாதி. ஏழே வருஷத்தில், 1956-ல், அவரே அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். காலம் அவ்வளவு வேகமாக மாறியது.

கொரியாவில் வெடித்த குண்டு

மாற்றியது கொரியா. 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியன் அணுகுண்டு சோதனை செய்தது. 1950 ஜூன் 25-ல் வட கொரியப் படை தென் கொரியாவுக்குள் புகுந்தது. ஒரு நாட்டை இரண்டாகப் பிரித்தார்கள், கம்யூனிஸ்டுப் பாதி மற்ற பாதியின் மேல் பாய்ந்தது. அப்படிப் பிரிந்து கிடந்த இன்னொரு நாடு ஜெர்மனி. அதன் கிழக்குப் பாதியில் அப்போதே 'போலீஸ்' என்ற பெயரில் முகாம்களில் ராணுவப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

சோவியத் படை மேற்கே நகர்ந்தால் தடுத்து நிறுத்த மேற்கு நாடுகளிடம் போதுமான ஆட்கள் இல்லை. 1950 செப்டம்பரில் நியூயார்க்கில் கூடியபோது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன், பிரிட்டிஷ், பிரெஞ்சு அமைச்சர்களிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஐரோப்பாவுக்கு அமெரிக்கப் படை கூடுதலாக வர வேண்டுமானால், ஜெர்மன் படையும் சேர்ந்து நிற்க வேண்டும்.

விபீஷணன் அடைக்கலம் கேட்டு வந்தபோது ராமன் கூடாரத்தில் நடந்த விவாதம் நமக்கெல்லாம் தெரியும். எதிரியின் தம்பியை எப்படி நம்புவது என்றான் சுக்ரீவன். இங்கே சுக்ரீவன் இடத்தில் இருந்தது பிரான்ஸ். ஒரே ஒரு வித்தியாசம். விபீஷணன் போர் தொடங்கும் முன்பே அண்ணனை விட்டு வந்தவன். இவர்கள் கடைசி நாள் வரை ராவணன் பக்கம் நின்று போரிட்டவர்கள்.

மேற்கு ஜெர்மனியின் சான்சலர் கொன்ராட் அடினாவருக்கு அப்போது வயது 74. கொலோன் நகர மேயராக இருந்து 1933-ல் நாஜிகளால் விரட்டப்பட்டவர். ராணுவத்தின் மேல் அவருக்குக் காதல் ஒன்றுமில்லை. ஆனால் நாடு இன்னும் வென்றவர்களின் பிடியில் இருந்தது. படை வேண்டுமா, தருகிறேன், எங்களைச் சமமாக நடத்துங்கள். இதுதான் அவர் வைத்த பேரம். தன் மந்திரிகளைக் கேட்காமலே அமெரிக்கர்களுக்கு இப்படி ஒரு குறிப்பு அனுப்பினார் என்று தெரிந்ததும் உள்துறை அமைச்சர் குஸ்டாவ் ஹைனமான் ராஜினாமா செய்தார். (அதே ஹைனமான் 1969-ல் நாட்டின் ஜனாதிபதி ஆனார்.) தெருவில் இளைஞர்கள் சொன்ன வார்த்தை 'ஓனே மிஷ்'. நம் பாஷையில் சொன்னால், "ஆளை விடுங்க சாமி."

மடத்தில் கூடிய பதினைந்து பேர்

1950 அக்டோபர் முதல் வாரத்தில் ஐஃபல் மலைப்பகுதியில் உள்ள ஹிம்மெரோட் என்ற பழைய கிறிஸ்தவ மடத்தில் பதினைந்து பேர் ரகசியமாகக் கூடினார்கள். எல்லாரும் வேர்மாக்டின் முன்னாள் அதிகாரிகள். புதிய படை எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். 12 டிவிஷன், இரண்டரை லட்சம் பேர் என்று கணக்குக் கொடுத்தார்கள்.

அதே மாதம் அடினாவர், தியோடர் பிளாங்க் என்ற தொழிற்சங்கக்காரரைக் கூப்பிட்டு ஓர் அலுவலகம் அமைக்கச் சொன்னார். 'ராணுவம்' என்ற சொல்லைச் சொல்ல முடியாத நேரம். ஆகவே அவர் பதவிக்குப் பெயர், 'நேசப் படைகளின் எண்ணிக்கையை அதிகரிப்பது சம்பந்தமான விஷயங்களுக்கான சான்சலரின் பிரதிநிதி'. சர்க்கார் அலுவலகங்களோடு பழகியவர்களுக்கு இந்தப் பெயரின் அருமை புரியும். ஜனங்கள் சுருக்கமாக 'பிளாங்க் ஆபீஸ்' என்றார்கள்.

ஹிம்மெரோட் அறிக்கையில் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று, வோல்ஃப் ஃபான் பௌடிஸின் என்ற மேஜருடையது. வடக்கு ஆப்பிரிக்காவில் பிடிபட்டு, போரின் பெரும்பகுதியை ஆஸ்திரேலியாவில் கைதியாகக் கழித்தவர். பழைய வேர்மாக்டைத் தூசி தட்டி எடுக்கக் கூடாது, அடிப்படையிலேயே புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்று வாதாடினார்.

இன்னொரு குரல் நிபந்தனை போட்டது. ஜெர்மன் சிப்பாயின் மானம் திரும்ப வேண்டும், போர்க்குற்றவாளிகள் என்று தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருக்கும் ராணுவத்தினர் விஷயத்தில் தீர்வு வேண்டும், அப்போதுதான் நாங்கள் சேவைக்கு வருவோம் என்றது. அந்த நிபந்தனைக்கு என்ன பதில் கிடைத்தது என்பதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துகிற இடம்.

கொடுத்த விலை

1943-ல் துனிசியாவில் சரணடைந்த ஜெர்மன் தளபதியைச் சந்திக்கவே மறுத்தவர் ஐசன்ஹோவர். 1951 ஜனவரியில் நேட்டோவின் தலைமைத் தளபதியாக ஜெர்மனிக்கு வந்தார். முன்னாள் ஜெனரல்கள் ஹான்ஸ் ஷ்பைடலும் அடால்ஃப் ஹொய்ஸிங்கரும் அவரைச் சந்தித்தார்கள். சாதாரண ஜெர்மன் சிப்பாய் வேறு, ஹிட்லரும் அவன் கூட்டமும் வேறு என்று ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதே மாதக் கடைசியில் அமெரிக்க ஹை கமிஷனர் ஜான் மெக்லாய், லாண்ட்ஸ்பெர்க் சிறையில் இருந்தவர்களின் தண்டனைகளைக் குறைத்தார். அவர் பரிசீலித்த 15 மரண தண்டனைகளில் ஐந்தை மட்டும் உறுதி செய்தார். அடிமைத் தொழிலாளர்களை வைத்து ஆலை நடத்தியதற்காக 1948-ல் 12 வருஷம் சிறைத் தண்டனை பெற்ற ஆல்ஃபிரீட் குருப் வெளியே வந்தார். சொத்தும் திரும்பக் கிடைத்தது. ரோம் நகரில் 335 பேரைச் சுட்டுக்கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்று, பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்த ஃபீல்ட் மார்ஷல் கெஸ்ஸல்ரிங் 1952-ல் வெளியே வந்தார். மான்ஸ்டைன் 1953-ல்.

கொன்றது எல்லாம் எஸ்எஸ் படை, வேர்மாக்ட் கைகள் சுத்தம் என்ற கதை இப்படித்தான் வேர்விட்டது. உண்மை அப்படி இல்லை. வேர்மாக்டின் காவலில் இருந்த சோவியத் போர்க்கைதிகளில் மட்டும் 30 லட்சம் பேர் அளவுக்குப் பட்டினியாலும் குளிராலும் துப்பாக்கியாலும் செத்தார்கள். 1995-ல் ஹாம்பர்க் சமூக ஆராய்ச்சி நிறுவனம் வேர்மாக்டின் குற்றங்களைப் பற்றி ஒரு புகைப்படக் கண்காட்சி நடத்தியது. ஊர் ஊராகப் போன அந்தக் கண்காட்சிக்கு எதிராக ஊர்வலங்கள் நடந்தன. நாற்பது வருஷம் ஊறிய கதை லேசில் விடாது.

புதிய கூட்டாளி தேவைப்பட்டபோது பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் அந்தப் பாக்கி செத்தவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் சேர வேண்டியது. தள்ளுபடி செய்தவர்கள் வேறு ஆட்கள்.

பிரான்ஸ் போட்ட முட்டுக்கட்டை

எழுபது வருஷத்துக்குள் மூன்று முறை ஜெர்மன் படையைத் தன் மண்ணில் பார்த்த நாடு பிரான்ஸ். அதன் பிரதமர் ரெனே பிளெவன் 1950 அக்டோபரில் ஒரு யோசனை சொன்னார். ஜெர்மன் ராணுவம் என்று தனியாக வேண்டாம். ஆறு நாடுகள் சேர்ந்த ஒரே ஐரோப்பிய ராணுவம். அதில் ஜெர்மானியர்களைச் சிறு சிறு குழுக்களாகக் கரைத்துவிடலாம். ரஷ்யப் படையைவிடப் பெரியதாகவும் பிரெஞ்சுப் படையைவிடச் சிறியதாகவும் ஒரு ஜெர்மன் படை கேட்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு கேலி உலாவியது.

பேசிப் பேசி 1952 மே 27-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை உறுதி செய்ய பிரெஞ்சு நாடாளுமன்றம் இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தது. கடைசியில் 1954 ஆகஸ்ட் 30-ல், 319-க்கு 264 என்ற வாக்கில், தன் நாடு சொன்ன யோசனையைத் தானே தோற்கடித்தது. நாலு வருஷ உழைப்பு ஒரே நாளில் போயிற்று.

இரட்டைச் சாவி

நான் முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். எங்கள் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று மேனேஜரிடம், ஒன்று ஹெட் கேஷியரிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். ஜாயிண்ட் கஸ்டடி என்று பெயர். என்னை நம்பவில்லையா என்று எந்த மேனேஜரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அந்த முறை இருப்பதால்தான் அவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார்.

1954 செப்டம்பர் கடைசியில் லண்டனில் கூடிய ஒன்பது நாடுகள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஜெர்மனி நேராக நேட்டோவில் சேரும். ஆனால் அதன் போர்ப்படை முழுவதும் நேட்டோ தளபதியின் கீழ் இருக்கும். அணு, உயிரி, ரசாயன ஆயுதங்களைத் தன் மண்ணில் தயாரிப்பதில்லை என்று அடினாவர் உறுதி கொடுத்தார். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் அந்தோணி ஈடன் நாலு டிவிஷன் படையையும் ஒரு விமானப் படைப் பிரிவையும் ஐரோப்பிய மண்ணிலேயே வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்தார். பிரான்ஸின் பயத்துக்கு அதுதான் மருந்து. அக்டோபர் 23-ல் பாரிஸில் கையெழுத்தானது. 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி சுதந்திர நாடாகவும் நேட்டோ உறுப்பினராகவும் ஆனது. ஐந்தே நாளில், மே 14-ல், சோவியத் தரப்பு வார்சா ஒப்பந்தத்தோடு பதில் சொன்னது.

உள்ளே போட்ட பூட்டு

வெளியிலிருந்து போட்ட பூட்டு மட்டும் போதாது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1919-ல் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் படைக்கு ஒரு லட்சம் பேர் என்று வரம்பு கட்டியது. டாங்கி கூடாது, போர் விமானம் கூடாது என்றது. என்ன நடந்தது? சோவியத் ரஷ்யாவில் லிபெட்ஸ்க் நகரில் விமானிகளுக்கும், கஸான் நகருக்கு அருகே டாங்கிக்காரர்களுக்கும் ரகசியப் பயிற்சி நடந்தது. மேலே நிற்பவன் போட்ட கட்டளையை மீறுவதைத் தேசபக்தி என்று நினைத்தார்கள். அந்த ராணுவம் குடியரசுக்கு உள்ளேயே தனி ராஜ்யமாக இருந்தது. 1934-ல் ஹிட்லர் பெயரைச் சொல்லி, அவன் ஒருவனுக்கு நிபந்தனையற்ற கீழ்ப்படிதல் என்று சத்தியம் செய்தது.

இந்த முறை பூட்டை ஜெர்மானியர்களே உள்பக்கம் போட்டார்கள். புதிய படையில் கர்னலும் அதற்கு மேலும் பதவி கேட்டவர்களை, அரசாங்கத்துக்குக் கட்டுப்படாத ஒரு குழு தனித்தனியாக விசாரித்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட மனுக்களில் ஐம்பது பேர் வரை நிராகரிக்கப்பட்டார்கள். 1956 மார்ச்சில் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். படையின் எண்ணிக்கையும் அமைப்பும் பட்ஜெட்டில் வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்று எழுதினார்கள். கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. ஒளித்துவைத்த படைக்குத்தான் ஊரைப் பயமுறுத்தத் தோன்றும்.

சிப்பாய்களுக்கான சட்டம் இன்னும் ஆச்சரியம். மனித கண்ணியத்துக்கு விரோதமான உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை. குற்றமாகும் உத்தரவுக்குக் கீழ்ப்படியவே கூடாது. "மேலிடத்து உத்தரவு" என்று நியூரம்பர்க் நீதிமன்றத்தில் கேட்ட சாக்குக்கு இது பதில். சிப்பாய் வோட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கலாம். இதைத்தான் பௌடிஸின் 'சீருடை அணிந்த குடிமகன்' என்றார். குறை இருந்தால் எந்தச் சிப்பாயும் மேலதிகாரியைத் தாண்டி நாடாளுமன்றம் நியமித்த ஆணையருக்கு நேராகக் கடிதம் எழுதலாம்.

இதெல்லாம் காகிதத்தில் மட்டும் இருந்ததா? 1964-ல் அந்த ஆணையராக இருந்தவர் ஹெல்முட் ஹையே. அவரே போர்க்காலத்து வைஸ் அட்மிரல். புதிய ராணுவம் பழைய பாதைக்குத் திரும்புகிறது என்று ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக எழுதிவிட்டார். பெரிய ரகளை, பதவியையும் விட்டார். ஆனால் ராணுவத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாம், நாடு அதைப் பற்றிச் சண்டை போடலாம் என்பதே அந்த மண்ணில் புதுசு.

முதல் 101 தொண்டர்கள் 1955 நவம்பர் 12-ல் பான் நகரில் ஒரு பழைய படைவீட்டில் நியமனம் பெற்றார்கள். நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யப் படையைச் சீர்திருத்திய ஷார்ன்ஹார்ஸ்டின் இருநூறாவது பிறந்த நாள் அது. பலருக்குச் சீருடைகூடத் தயாராகவில்லை. கோட்டு சூட்டோடு நின்றார்கள்.

அன்று லெஃப்டினென்ட் ஜெனரலாக நியமனம் பெற்ற இருவர், ஐசன்ஹோவரைச் சந்தித்த அதே ஷ்பைடலும் ஹொய்ஸிங்கரும். 1944 ஜூலை 20-ல் ஹிட்லரின் மேஜைக்கு அடியில் குண்டு வெடித்தபோது ஹொய்ஸிங்கர் அவன் பக்கத்தில் நின்று வரைபடத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ஷ்பைடல், ரோமலின் தலைமை அதிகாரியாக இருந்து, அந்தச் சதியில் சந்தேகிக்கப்பட்டு கெஸ்டாபோ கையில் சிக்கித் தப்பியவர். ஆனால் அதற்கு முன்பு, 1940-ல், பாரிஸை ஆண்ட ஜெர்மன் ராணுவ நிர்வாகத்திலும் முக்கிய அதிகாரி. 1957-ல் அவர் நேட்டோவின் மத்திய ஐரோப்பியத் தரைப்படைத் தளபதி ஆனார். தலைமையகம் பாரிஸுக்கு அருகே ஃபான்டென்புளோவில். அவர் கட்டளையின் கீழ் பிரெஞ்சுப் படையும் இருந்தது. எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த பழைய பிரெஞ்சுக்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! கண்டனக் கூட்டங்கள் நடந்தன. அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கணக்கு முடிந்ததா?

அந்தப் படை 1955 முதல் 1999 வரை ஒரு போரிலும் சண்டையிடவில்லை. 1994-ல் ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம், நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வெளிநாட்டுக்குப் படை அனுப்பக் கூடாது என்றது. 2011-ல் போலந்தின் வெளியுறவு அமைச்சர் பெர்லினுக்கே போய், ஜெர்மனியின் பலத்தைவிட அது சும்மா இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார். போலந்து எப்பேர்ப்பட்ட அழிவைக் கண்ட நாடு என்று நினைத்துப் பாருங்கள்.

2025 மே மாதம் லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸில், அந்நாட்டில் நிரந்தரமாகத் தங்கப்போகும் ஜெர்மன் டாங்கிப் படைப்பிரிவு ஒன்று முறைப்படி தொடங்கப்பட்டது. 1941-ல் ஜெர்மன் படை பிடித்த ஊர் அது. பக்கத்தில் உள்ள பனேரியாய் காட்டில் பல்லாயிரம் யூதர்கள் சுட்டுப் புதைக்கப்பட்டார்கள். இப்போது அந்தப் படையை விரும்பி வரவேற்பது லித்துவேனியா.

இத்தனையும் படித்த பிறகு என் அபிப்பிராயம் இதுதான். தோற்ற எதிரிக்குத் துப்பாக்கி கொடுத்தது தவறாகப் போகாததற்குக் காரணம், அவனை நம்பியது அல்ல. நம்பாததுதான். அந்த அவநம்பிக்கையை அவமானமாக வைக்காமல் முறையாக வைத்தார்கள். அவனும் அதைத் தன் சட்டமாக எழுதிக்கொண்டான். இந்தப் பாதி சரியாக நடந்தது. குற்றவாளிகளைச் சீக்கிரமாக வெளியே விட்டது, வேர்மாக்டின் கைகள் சுத்தம் என்ற பொய்யை வளரவிட்டது ஆகிய மறுபாதி சரியில்லை. அது இல்லாமலும் படை கட்டியிருக்கலாம் என்றே நினைக்கிறேன். முதல் பாதியின் வெற்றியைச் சொல்லி இரண்டாவதை மூடக் கூடாது.

ஜப்பானில் இதே கதை வேறு மாதிரி நடந்தது. அங்கே ராணுவத்துக்குப் பெயர் 'போலீஸ் ரிசர்வ்', டாங்கிக்குப் பெயர் 'விசேஷ வாகனம்'. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.